கோவையில் ஒரு சிறுவர் நீச்சல் வகுப்பு: தண்ணீரைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு ஏற்றதா?

தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே அலறும் எங்கள் ஐந்து வயது மகளை, கோவையில் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தனியார் குளத்தின் கோடைக்கால நீச்சல் வகுப்பில் இந்த ஆண்டு சேர்த்தோம். கூரை வேய்ந்த குளம். சிறுவர் பகுதியில் நீர் அவளுடைய மார்பளவுதான்.

இவ்வகுப்பில் என்னை முதலில் கவர்ந்தது, காற்றடைத்த கைப்பட்டைகளைத் தொடக்கத்திலேயே கழற்றச் சொன்னதுதான். கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறையினர் முதுகில் கட்டிக்கொண்ட சுரைக்குடுக்கை உடலைக் கிடையாக மிதக்கவிடும். கைப்பட்டையோ பிள்ளையை நீருக்குள் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைக்கிறது. நீந்தத் தெரியாதவர் மூழ்கும்போது இருக்கும் நிலையும் ஏறக்குறைய அதுவே. அதோடு, பட்டை கட்டியே பழகிய குழந்தை, அது இல்லாத வேளையிலும் மிதந்துவிடலாம் என்று நினைத்துக் குளத்தில் இறங்கிவிடக்கூடும்.

முதல் சில வகுப்புகள் முழுவதும் படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தை நீரில் அமிழ்த்திக் குமிழி விடுவதிலேயே கழிந்தன. கட்டிய பணம் வீண் என்று சில பெற்றோர் முணுமுணுத்தார்கள்; எனக்கு அது சரியாகவே பட்டது. நீருக்குள் மூச்சை விடப் பழகாத பிள்ளை தலையைத் தூக்கியபடியே இருக்கும். தலை தூக்கினால் இடுப்பும் கால்களும் தாழும், அவை தாழ்ந்தால் பயம் இன்னும் கூடும். அடுத்ததாக, மல்லாந்து மிதக்கப் பழக்கினார்கள். பயிற்சியாளர் அவளுடைய பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "கண்ணு, மேல எத்தன லைட் இருக்குன்னு எண்ணிச் சொல்லு" என்றார். எண்ணுவதற்காக அவள் முகவாயை உயர்த்தியதும் இடுப்பு தானாக மேலெழுந்தது. நாளடைவில் அந்த உள்ளங்கை இரண்டு விரல்களாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. மாலை வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை மிக அதிகம், பயிற்சியாளரோ ஒருவர்தான். சிறு பிள்ளை நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வலியுறுத்துகிறது. நீச்சல் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும் இது பொருந்தும். இங்கே மாலையில் அதற்கு வழியே இல்லை. குளத்தில் இறங்குமுன் குளிக்க வேண்டும் என்ற விதி பலகையில் மட்டுமே இருக்கிறது. கண்ணை எரிக்கும் அந்த நெடி, குளம் சுத்தமாக இருப்பதற்கு அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்வதால் எழுவது. காலையில் நீர் சில்லென்று இருப்பதால் மெலிந்த பிள்ளைகள் விரைவில் நடுங்கத் தொடங்குகிறார்கள். உதடு நீலம் பாய்ந்தபின்னும், பெற்றோர் கேட்டால்தான் கரையேற்றுகிறார்கள்.

ஒரே மாதத்தில் பிள்ளை நீளக் குளத்தைக் கடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. பயத்தைப் போக்கினால் போதும் என்பவர்கள், கூட்டம் குறைவான காலை வகுப்பில், கனமான துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.