மலைத் தொழிலுக்கு மொத்த விலைக் குறியீடா, சேவை விலைக் குறியீடா?

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் செலவுப் பட்டியலில் மின்சாரம், டீசல், சாக்குப் பை எல்லாம் இருக்கும். கூடவே லாரி வாடகை, கிடங்கு வாடகை, ஆடிட்டர் கட்டணம், வாட்ச்மேன் ஏஜென்சி பில்லும் இருக்கும். நம் மொத்த விலைக் குறியீடு, அதாவது மொத்த வியாபார விலைகள் எவ்வளவு ஏறி இறங்கின என்று காட்டும் எண், பொருள்களை மட்டுமே அளக்கிறது. மாதாமாதம் சீக்கிரமே வந்துவிடுகிறது, அது பெரிய வசதிதான். ஆனால் டீசல் விலை அப்படியே இருக்க லாரி வாடகை மட்டும் ஏறினால் அது இதில் தெரியாது.

நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வாங்கும் சேவைகளின் விலையை அளப்பது இரண்டாவது வகையான சேவை விலைக் குறியீடு. ஜப்பானின் மத்திய வங்கி 1991 முதல் இப்படியொரு குறியீட்டை வெளியிடுகிறது. இதற்கு உழைப்பு அதிகம். லாரி என்றால் மாதாமாதம் அதே டன், அதே மேட்டுப்பாளையம் சாலைக்கான வாடகை என்று பிடித்துக்கொள்ளலாம். அதுவும் வாய்ச்சொல் ரேட் வேண்டாம், பேரம் முடிந்து கொடுத்த தொகைதான் வேண்டும். ஆடிட்டர் விஷயம் அப்படியல்ல. கட்டணம் பழையதே, ஆனால் தாக்கல் செய்யும் படிவங்கள் கூடிவிட்டன என்றால் உண்மையில் விலை குறைந்திருக்கிறது. வேலையின் அளவு கூடியதைக் கணக்கில் எடுக்காத குறியீடு இங்கே தப்புக் கணக்குதான் காட்டும்.

சிரமம் இருந்தாலும் என் ஓட்டு இரண்டாவதற்கே. மலையில் எதை விற்றாலும் கீழே இறக்கியாக வேண்டும். அந்த வாடகை கணக்கில் வராமல் செலவு ஏற்றத்தைப் பேசவே முடியாது.