ரூ.18,500 போச்சு: "அமெரிக்கன் வார்ம் டிரைவ்" ரம்பம், நேரடி 230 வோல்ட் என்று சொன்னால் நம்பாதீர்கள்

பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு செயலி. எல்லார் போனிலும் இருப்பதுதான். அதில் ஒரு வியாபாரி போட்டிருந்த மின்சார ரம்பத்துக்கு 18,500 ரூபாய் போனது. சாமான் இப்போது வார்னிஷ் கருகிய நாற்றத்தோடு பட்டறை மூலையில் கிடக்கிறது. விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இந்த அவசரப் பதிவு. எப்படி அடையாளம் பார்ப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அது என்ன ரம்பம் என்று தெரிய வேண்டும், ஏமாற்றே அதில்தான் இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் 7 அங்குல சர்க்குலர் ரம்பத்தில் மோட்டார் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும், பிளேடு பெரும்பாலும் வலது பக்கம். வார்ம் டிரைவ் வேறு ஜாதி. மோட்டார் பிளேடுக்கு இணையாக நீளவாக்கில் படுத்திருக்கும், கைப்பிடி பின்கோடியில், பிளேடு இடது பக்கம். வலது கையால் பிடிப்பவருக்கு அறுக்கும் கோடு கண்ணுக்கு நேராகத் தெரியும். உள்ளே எஃகு வார்மும் (திருகாணி மாதிரி புரி வெட்டிய கியர்) வெண்கலப் பல்சக்கரமும் எண்ணெயில் ஊறி ஓடும். பிளேடு உட்காரும் இடம் வட்டமாக இல்லாமல் டைமண்ட் வடிவில் இருக்கும். 1924-ல் எட்மண்ட் மிஷெல் என்பவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கரும்பு வெட்டும் கத்தியோடு மோட்டாரைப் பொருத்திப் பார்த்ததில் ஆரம்பித்த வம்சம் இது. 1937-ல் வந்த, ஸ்கில் கம்பெனியின் 77 மாடல்தான் இதில் பேர்போனது. கலிஃபோர்னியா பக்கம் மரவீடு கட்டுகிற தச்சர்கள் கையில் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். பச்சை மரத்திலும் திணறாமல் இழுக்கும். இங்கே அபூர்வம் என்பதால் விலை ஏற்றிச் சொன்னாலும் கேட்க ஆள் இருக்கிறது.

நம்பிக்கை வந்தது வீடியோவில். இரண்டு அங்குல வேங்கைப் பலகையை அந்த ஆள் ஒரே மூச்சில் அறுத்துக் காட்டினார். சத்தம் சீராக இருந்தது, இழுவை குறையவில்லை. கியர் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டதும், அங்கேயே ஸ்க்ரூ டிரைவரால் ஆயில் பிளக்கை (எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி) கழற்றி, ஒரு குச்சியை விட்டு எடுத்து, நுனியில் ஒட்டிய எண்ணெயைக் கேமராவுக்கு நேரே நீட்டினார். "சார், இதுக்கு ஆயில் பார்க்கணும்னு கேட்ட முதல் ஆளே நீங்கதான். தெரிஞ்சவங்க கைக்குப் போகுதுன்னு எனக்கே சந்தோஷம்" என்றார். வேலை தெரிந்தவன் பேச்சு மாதிரியே இருந்தது. வோல்டேஜ் கேட்டதற்கு, "230 சார், நேரா பிளக்குல சொருகலாம்" என்று பளபளவென்ற ஸ்டிக்கரைக் காட்டினார். முழுப் பணமும் முன்கூட்டியே யூபிஐயில். 18,500.

வந்த பெட்டியில் அதே ரம்பம்தான், மாற்றி அனுப்பவில்லை. மூன்று முள் பிளக் புதிதாக மாட்டப்பட்டிருந்தது. கீழ்க் காப்பு மூடியின் ஸ்பிரிங் அறுந்து கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டியிருந்தது (வீடியோ முழுக்க மறுபக்கமிருந்தே எடுத்த காரணம் அப்போதுதான் விளங்கியது). கம்பியை அவிழ்த்து, பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஓட்டத்துக்கு சுவிட்சை அழுத்தியதும் உறுமலாக இல்லை, வீறிட்டது. காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் கம்யூட்டேட்டரைச் (கார்பன் பிரஷ் உரசி மின்சாரம் கொடுக்கும் செம்புப் பட்டை உருளை) சுற்றி நீல நெருப்பு வளையம், அடுத்த நொடி புகை, அவ்வளவுதான். பிளேடு மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அந்த வேகம் பிளேடில் அச்சடித்த உச்ச ஆர்பிஎம்மை (நிமிடச் சுற்று) தாண்டியிருக்கும்.

ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடுகாட்டி உரித்தால் அடியில் கம்பெனியின் பழைய விவரத் தகடு. 230 போட்ட இடத்துக்கு நேர்கீழே 120 வோல்ட், 15 ஆம்ப், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க மின்சாரத்துக்கான அளவு, நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

60 ஹெர்ட்ஸ் இங்கே பிரச்சினை இல்லை. கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் 50-லும் ஓடும். கொல்வது வோல்டேஜ். சுமை இல்லாத பிரஷ் மோட்டாரின் வேகம் வோல்டேஜோடு ஏறும். 120-க்குச் சுற்றிய காயிலுக்கு (செம்புக் கம்பிச் சுருள்) ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தால் கம்யூட்டேட்டரில் ஒரு பிரஷ்ஷிலிருந்து இன்னொரு பிரஷ்ஷுக்கு நெருப்பு தாவும், ஆர்மேச்சரில் (மோட்டாரின் சுழலும் பாகம்) உள்ள வார்னிஷ் உருகி சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் வீடியோவில் எப்படி ஓடியது? படத்துக்கு வெளியே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர், அதாவது 230-ஐ 120 ஆகக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி. காதை வைத்துக் கேட்டால் ரம்பம் நின்ற பிறகும் 'ம்ம்' என்று ஒரு ரீங்காரம் தெரிகிறது, ஒயரும் மேசைக்குக் கீழே போய் மறைகிறது. இந்த மிஷின் 1,800 வாட், குறைந்தது 3 கேவிஏ டிரான்ஸ்பார்மர் இருந்தால்தான் நிம்மதியாக ஓடும். அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒருவன் "நேரா சொருகலாம்" என்கிறான் என்றால் அது தெரியாமல் நடந்தது இல்லை.

கியர் பெட்டியும் போக்குதான். அடியில் இருந்த எண்ணெயைத் துணியில் வடித்தால் பொன்னிறத் தூள் மினுமினுக்கிறது. வெண்கலச் சக்கரம் தேய்ந்த தூள் அது. வீடியோவுக்காக மேலே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "உங்க ஏரியால வோல்டேஜ் ஹை சார்." பிறகு, "நியூ பிரஷ் போட்டா சரியாயிடும்." உரித்த ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியதும், "லேபிளைப் பிரிச்சுட்டீங்களே, வாரண்டி போச்சு." பழைய சாமானுக்கு என்ன வாரண்டி என்று கேட்டால் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுகிறது. செயலிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே: வாங்குபவர் விற்பவர் இடையில் நாங்கள் தலையிட மாட்டோம், பெட்டி பிரிக்கும் வீடியோ இருந்தால் பரிசீலிப்போம். பெட்டி பிரிக்கும் வீடியோவில் மோட்டார் காயில் எத்தனை வோல்ட்டுக்குச் சுற்றியது என்றா தெரியும்? வைண்டிங் பட்டறையில் கம்யூட்டேட்டர் செம்புப் பட்டைகள் தூக்கியிருக்கின்றன, ஆர்மேச்சரே வேறு போட வேண்டும் என்றார்கள். அது இங்கே கிடைக்காது. ஆக 18,500-ம் சுத்தமாகப் போனது.

சொன்னபடி, அவசரமாகச் சில எச்சரிக்கைகள்.

ஆம்பையும் வோல்ட்டையும் பெருக்கிப் பாருங்கள். 15 ஆம்ப், 230 வோல்ட் என்றால் 3,450 வாட். 7 அங்குலக் கை ரம்பம் எதுவும் அந்த அளவுக்குப் போகாது. கணக்கு உதைத்தால் வோல்ட் பொய்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டி வரும் ஒயர் மதிப்பைக் கழித்துவிட்டு, சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி பிளக் முள்களில் அளக்கவும். பிளேடைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மறுபடி மறுபடி அளந்து பார்க்கவும். 120-க்குச் சுற்றிய 15 ஆம்ப் மோட்டார் ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டும், அதே வாட்டில் 230-க்குச் சுற்றியது அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. சாஃப்ட் ஸ்டார்ட் (மெதுவாக வேகம் ஏற்றும் எலக்ட்ரானிக் சர்க்யூட்) இருக்கும் மிஷினில் இந்த அளவு செல்லாது.

உண்மையான வார்ம் டிரைவில் கியர் பெட்டி மேல் ஆயில் பிளக் இருக்கும். உருவம் இதே மாதிரி இருந்து ஆயில் பிளக் இல்லாவிட்டால் அது சீல் செய்த ஹைபாய்டு கியராக (வார்ம் இல்லாத வேறு வகைக் கியர்) இருக்கலாம், வேறு விலை. பிளேடு போல்ட் இடதுபுரி, பிளேடு சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல் எதிர்த்திசையில் பலம் கொடுத்து உடைத்துவிடாதீர்கள்.

மஞ்சள் தொழிற்சாலை பிளக்கோடு வரும் இங்கிலாந்து மிஷின் 110 வோல்ட், ஜப்பானிலிருந்து வருவது 100. பிளக்கை மட்டும் மாற்றி விற்கிறார்கள். மிஷினுக்குள் நுழையும் ஒயர் பழசு, பிளக் மட்டும் புதுசு என்றிருந்தால் கிளம்பிவிடுங்கள்.

பணம் போனதும் சைபர் மோசடி உதவி எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் கொடுத்தாயிற்று, புகார் எண் மட்டும் வந்திருக்கிறது. இதற்கிடையே அதே வீடியோவை வைத்து அதே செயலியில் வேறு பெயரில் புது விளம்பரம், விலை இப்போது 19,000. வேங்கைப் பலகை, நீலக் கோடு போட்ட மேசை விரிப்பு, குச்சியில் எண்ணெய். பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள், ரிப்போர்ட் அடியுங்கள்.