மட்டக்களப்பில் டிவி திருத்தக் கொடுக்க இருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் வாசியுங்கள்

டவுனில் உள்ள ஒரு டிவி திருத்தும் கடை, மாற்றாத மெயின் போர்டை மாற்றியதாகச் சொல்லி எங்களிடம் 34,000 ரூபா வாங்கியிருக்கிறது. அதோடு விடாமல் 12,500 ரூபாவுக்கு ஒரு நீளக் கேபிளையும் 6,500 ரூபாவுக்கு ஒரு பூஸ்டரையும் (கேபிளில் வரும் சிக்னலைக் கூட்டும் சாமான்) தலையில் கட்டியது. மொத்தம் 53,000. உண்மையான பழுதைச் சரிசெய்ய ஐந்து சதமும் செலவாகவில்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், இன்னும் நாலு வீட்டில் இது நடக்கக்கூடாது.

எங்கள் வீடு கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட. சுவிஸில் இருக்கும் தம்பி வந்தபோது அம்மாவுக்காக 55 அங்குல டிவியும் ஹோம் தியேட்டரும் வாங்கி வைத்துவிட்டுப் போனான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வெளியே அதிகம் போக மாட்டா. நல்லூர்த் திருவிழா நேரடி ஒளிபரப்பு, பின்னேர நாடகம், இரவுச் செய்தி என்று அவவின் பொழுது இந்தப் பெட்டிக்கு முன்னால்தான் போகும். டிஷ் பொக்ஸ், அன்ட்ரொய்ட் பொக்ஸ், ஹோம் தியேட்டர் ரிசீவர் மூன்றும், படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. கேபிளால் டிவியில் பூட்டியிருந்தன.

பிரச்சினை தொடங்கியது இப்படி. அம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிவி தானாக அன்ட்ரொய்ட் பொக்ஸுக்குத் தாவும். ஹோம் தியேட்டரை நிறுத்தினால் டிவியும் சேர்ந்து நின்றுவிடும். சில நேரம் படம் வரும், சத்தம் வராது. அந்தக் கிழமை முழுக்க இடியும் மழையுமாக இருந்தது.

கடைக்காரர் வந்தார். ரிமோட்டைக் கையில் எடுக்கவில்லை, ஒரு கேபிளையும் கழற்றிப் பார்க்கவில்லை. "இடிக்கு அடிச்சிருக்கு சேர். மெயின் போர்ட் போயிற்று. கொழும்பிலிருந்து எடுப்பிச்சுத்தான் போடணும்" என்றார். கொண்டுபோனார். டிவி திரும்பி வந்து பூட்டிய அன்று நன்றாகத்தான் வேலை செய்தது. சில நாளில் பழைய ஆட்டம் மறுபடியும் தொடங்கிவிட்டது.

போன் எடுத்தால், "பொக்ஸ் டிவிக்குக் கீழ இருக்கு, அந்தச் சூடுதான் போர்டைத் தாக்குது" என்றார். அன்ட்ரொய்ட் பொக்ஸை எதிர்ச்சுவர் அலுமாரிக்கு மாற்றி, 15 மீற்றர் கேபிளைக் கூரையோரமாக இழுத்து, இடையில் பூஸ்டரும் போட்டார். அதன் பிறகு புதிதாக ஒரு பிரச்சினை வந்தது: அந்தப் பொக்ஸில் படம் ஓடும்போது திரை இரண்டு வினாடி கறுத்துவிட்டுத் திரும்ப வரும், இருட்டான காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். டிவியின் திரையை, அதாவது பனலை, காட்டி அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. "பனலும் போகப் பாக்குது சேர். மாத்தினா ஒரு லட்சத்துக்கு மேல வரும். டிவிய எனக்குத் தாங்க, 20,000 போட்டு எடுக்கிறன்."

போர்ட், பிறகு கேபிள், பிறகு பனல், கடைசியில் டிவியே அவருக்கு. ஆரையம்பதியில் எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இதே கடையில் இதே பேச்சைக் கேட்டு டிவியைக் கொடுத்தேவிட்டார் என்று பிறகுதான் அறிந்தேன். அவருடைய பென்ஷன் காசில் வாங்கிய டிவி அது. என்னுடைய 53,000ஐ விட அதுதான் எனக்கு அதிகம் கோபத்தைத் தந்தது.

டிவியைக் கொடுக்காமல், காத்தான்குடியில் எலக்ட்ரோனிக் வேலை செய்யும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் டோர்ச் அடித்துப் பார்த்தது டிவியின் முதுகை. "தம்பி, இத ஆரு கழட்டின? கழட்டின அடையாளமே இல்லையே" என்றார். கல்லடிக் கடற்காற்றில் எந்த ஆணியும் ஒரு வருஷம் தாங்காது. பின்மூடியின் திருகாணி எல்லாவற்றிலும், திருப்புளி போடும் குறுக்குவெட்டு நிறையத் துரு அடைத்துக் கிடந்தது. ஒன்றில்கூடத் திருப்புளி பட்ட கீறல் இல்லை. அவர் ஒரு திருகாணியில் நகத்தை வைத்ததும் துரு தூளாகக் கொட்டியது. பின்மூடி உடலோடு சேரும் விளிம்பில் குளவி கட்டிய சிறிய மண்கூடு ஒன்று, பாதி மூடியிலும் பாதி உடலிலும் ஒட்டியபடி, வெடிப்பே இல்லாமல் இருந்தது. மூடியைத் திறக்காமல் உள்ளே இருக்கும் போர்டை மாற்ற முடியாது.

இன்னொன்றையும் காட்டினார். டிவியின் நினைவகம் மெயின் போர்டில்தான் இருக்கிறது. போர்டை மாற்றினால் வைஃபை பாஸ்வேர்ட், யூடியூப் கணக்கு, அம்மாவுக்காக நாங்கள் போட்ட அமைப்புகள் எல்லாம் போய்விடும், புது டிவி போல் முதலில் இருந்து கேட்கும். எங்கள் டிவி கடையிலிருந்து வந்த அன்றே கேள்வி கேட்காமல் வைஃபையில் ஏறியிருந்தது.

சரி, பழுது என்ன? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாத இடத்தில்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் 19 முனைகள் இருக்கின்றன. படம் போவது வேறு முனைகளில். 13ஆவது முனையில் சி.இ.சி. என்று ஒன்று ஓடுகிறது. ஒரு ரிமோட்டில் எல்லாச் சாமானையும் இயக்குவதற்கான பேச்சு வழி அது. டிவியில் பூட்டிய எல்லாப் பெட்டிகளும் அந்த ஒரே வழியில்தான் பேசுகின்றன. அதனால் ஒரு பெட்டி தவறாகப் பேசினாலும் எல்லாம் தடுமாறும். எங்கள் அன்ட்ரொய்ட் பொக்ஸ் தூக்கத்திலிருந்து தானாக விழித்து, "இப்போது நான்தான் ஓடுகிறேன்" என்று சொல்லும்போதெல்லாம் டிவி அதற்குத் தாவியது. ரிசீவரை நிறுத்தினால் அது எல்லோரையும் நிற்கச் சொன்னது, டிவியும் நின்றது. இது அமைப்புப் பிரச்சினை. இடியால் வந்ததல்ல. இடி அடித்த எச்.டி.எம்.ஐ. சொக்கெட் பெரும்பாலும் எந்தக் கேபிளைப் போட்டாலும் படமே காட்டாது, ஒருநாள் நல்லதாகவும் மறுநாள் கெட்டதாகவும் நடக்காது.

ஒவ்வொரு கம்பனியும் சி.இ.சி.க்கு வேறு பெயர் வைத்திருப்பதால் மெனுவில் தேடினாலும் இலகுவில் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பனசோனிக்கில் வியேரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். எல்லாம் ஒன்றுதான்.

காக்கா செய்தது இவ்வளவுதான். எல்லா எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கழற்றிவிட்டு, டிவியில் உள்ள யூடியூபை மட்டும் ஓடவிட்டார். ஒரு குறையும் இல்லை, ஆகவே பனலும் போர்டும் நல்லம். பிறகு எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து இழுத்து கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். ரிமோட்டில் நிறுத்தினால் அது தூக்கம் மட்டும்தான், பிளக்கைக் கழற்றினால்தான் பழைய பேச்சு மறக்கும். கடைக்காரர் கொண்டுவந்த அன்று டிவி ஒழுங்காக நடந்ததன் காரணமும் இதுதான், அவரிடம் கரண்ட் இல்லாமல் கிடந்திருக்கிறது. மறுபடி டிவியை முதலில் போட்டு, ரிசீவரை அடுத்ததாக, பொக்ஸ்களைக் கடைசியாக ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அன்ட்ரொய்ட் பொக்ஸின் மெனுவில் மட்டும் சி.இ.சி.யை நிறுத்தினார்.

டிவியிலும் ரிசீவரிலும் அதை நிறுத்தவில்லை. டிவியின் சத்தம் ரிசீவருக்குப் போவது ஏ.ஆர்.சி. என்ற வசதியால், அது 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்தது. பெரும்பாலான டிவிகளில் சி.இ.சி. இல்லாமல் அது வேலை செய்யாது. கேபிளும் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய சொக்கெட்டில்தான் இருக்க வேண்டும். நீளக் கேபிள் போட வந்தபோது கடைக்காரர் அதை வேறு சொக்கெட்டில் சொருகியிருந்தார். ஹோம் தியேட்டர் பூட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

கறுக்கும் திரைக்கும் அவர் விற்ற கேபிள்தான் காரணம். பொக்ஸின் படத் தெளிவை 4கேயிலிருந்து 1080க்கு இறக்கியதும் கறுப்பும் புள்ளியும் நின்றுவிட்டன. 4கே 60 பிரேம் முழு நிறத்தில் ஓட வினாடிக்கு 18 கிகாபிட் வரை தரவு போக வேண்டும், சாதாரணச் செப்புக் கேபிள் 15 மீற்றருக்கு அதைத் தாங்காது. அவ்வளவு தூரத்துக்கு ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஒப்டிக்கல் வகைக் கேபிள் வேண்டும், அதற்கு ஒரு முனை பொக்ஸுக்கு, மறு முனை டிவிக்கு என்று திசையும் உண்டு. அவர் தந்த பெட்டியில் "எச்.டி.எம்.ஐ. 2.1, 8கே, தங்க முலாம்" என்று பெரிதாக இருந்தது. கேபிளுக்கு அப்படி வெர்ஷன் இலக்கம் போட எச்.டி.எம்.ஐ. உரிம அமைப்பே அனுமதிப்பதில்லை. பார்க்க வேண்டியது, ஸ்கான் செய்யக்கூடிய கியூ.ஆர். லேபலோடு வரும் பிரீமியம் ஹை ஸ்பீட் அல்லது அல்ட்ரா ஹை ஸ்பீட் சான்று. தங்க முலாம் துருவைத் தடுக்கும், படத்தை அழகாக்காது. பொக்ஸைப் பழையபடி டிவிக்குக் கீழே வைத்துப் பழைய சிறிய கேபிளைப் பூட்டினோம். 4கே சுத்தமாக ஓடுகிறது.

ஆகவே டிவி வீட்டை விட்டுப் போக முன்னர் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். போகத்தான் வேண்டும் என்றால், பின்பக்கத் திருகாணிகளைப் போனில் கிட்டப் படம் பிடித்து வையுங்கள். கழற்றும் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். என்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில் கேளுங்கள், கேட்டால் ரசீது கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. தம்பி வட்ஸ்அப்பில் கேட்டதால்தான் எங்களிடம் "மெயின் போர்ட் மாற்றியது 34,000" என்று கையெழுத்தோடு பில் இருக்கிறது.

அந்தப் பில்லோடும் திருகாணிப் படங்களோடும் கடைக்குப் போனேன். கேபிளுக்கும் பூஸ்டருக்கும் உரிய காசைத் தந்துவிட்டார்கள். போர்டைப் பற்றிக் கேட்டதும், "மாத்தல்ல சேர், உள்ளுக்க ரிப்பேர் பண்ணின" என்று பேச்சு மாறியது. திறக்காத மூடிக்குள் என்ன ரிப்பேர் என்று கேட்டேன், பதில் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி அல்லது வேலை செய்வித்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள், முக்கியமாக டிவியையே கொடுத்துவிட்டு வந்தவர்கள், அந்த மூன்று மாதம் கடக்க முன்னர் பில்லைத் தேடி எடுங்கள். எனக்கு விசாரணைக்கு அழைப்பு வந்ததும் என்ன நடந்தது என்று இதன் கீழே சேர்த்து எழுதுகிறேன்.