கன்சோல் கேம் இதழுக்குச் சந்தா கட்டலாமா? இராமநாதபுரம் கடற்கரை வாசகர்களுக்கான அனுபவக் குறிப்பு

கட்டலாம். ஆனால் ஒரே தவணையில் ஓராண்டுக்கு மேல் கட்ட வேண்டாம். படிப்பதற்கு டிஜிட்டலை எடுங்கள், பாதுகாத்து வைக்க விரும்பினால் மட்டும் அச்சு இதழை எடுங்கள். இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று உப்புக் காத்து வீட்டுக்குள் வரும் ஊர்களில் அச்சு இதழின் செலவு சந்தாத் தொகையோடு முடிந்துவிடாது. வாங்கியதைக் காப்பாற்றவும் தனியாகப் பணமும் கவனமும் வேண்டும்.

முதலில், இதழை எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்திக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். அச்சுக்குப் போகும் பக்கங்கள் கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். அதன் பிறகு பிரிட்டனிலிருந்து தபாலில் நம் ஊருக்கு வந்து சேருவதற்குள் அந்தச் செய்தியை யூடியூபில் பத்துப் பேர் பேசி முடித்திருப்பார்கள். இதழின் உண்மையான மதிப்பு நீண்ட கட்டுரைகளில்தான் இருக்கிறது: ஒரு கேம் எப்படி உருவானது, எந்த அம்சத்தை ஏன் பாதியில் கைவிட்டார்கள், பழைய கன்சோலின் நினைவகக் குறைபாட்டைச் சமாளிக்க என்ன செய்தார்கள் என்பன போன்றவை. பிரிட்டனில் 1993-இல் தொடங்கிய எட்ஜ் இதற்குத்தான் பெயர் பெற்றது. ஆண்டுக்கு 13 இதழ்கள் என்பதால் ‘மாத இதழ்’ என்று நினைத்துக் கணக்குப் போடக் கூடாது. 12 இதழ் சந்தா என்றால் ஓராண்டு முடிவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

மதிப்பெண்களை ஒரே தராசில் நிறுக்காதீர்கள். எட்ஜ் 10-க்கு 10 கொடுப்பது அபூர்வம். முதன்முதலில் அதைப் பெற்றது 1996-இல் சூப்பர் மாரியோ 64. அங்கே 7 வாங்கிய கேமைத் தயங்காமல் வாங்கலாம். ஜப்பானின் ஃபாமிட்சு 1986 முதல் வருகிறது. அதில் நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்தாக 40-க்கு மதிப்பிடுவார்கள். 1998-இல் செல்டா வரிசையின் ஒக்கரினா ஆஃப் டைம்தான் முதல் 40-ஐ வாங்கியது. இரண்டையும் சதவீதமாக்கி ஒப்பிட்டால் எதுவும் தெளிவாகாது.

விமர்சனத்தைப் படிக்கும்போது எந்தப் பதிப்பை விளையாடி எழுதினார்கள் என்று தேடுங்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தபோது விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது பிசி (கணினி) பதிப்பு. பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) கன்சோலில் அந்த கேம் தடுமாறியதைப் பார்த்த சோனி, வெளியான ஒரு வாரத்திலேயே அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் மீண்டும் வைத்தது. பிசி பதிப்பை வைத்து எழுதிய விமர்சனத்தை நம்பி பிஎஸ்4 டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு நஷ்டம். அச்சில் ஏறிய மதிப்பெண் அப்படியே நிற்கும், கேம் அப்டேட்டில் மாறிக்கொண்டே போகும். ஆகவே பழைய இதழைப் பார்த்து கேம் வாங்குபவர்கள் அதன் இப்போதைய நிலையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நீண்ட சந்தா வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. இந்த வகை இதழ்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். 1988-இல் தொடங்கிய நின்டெண்டோ பவர் 2012-இல் நின்றது. அதிகாரபூர்வ எக்ஸ்பாக்ஸ் இதழ் 2020-இல் மூடப்பட்டது. பிளேஸ்டேஷனின் பிரிட்டிஷ் அதிகாரபூர்வ இதழ் 2021-இல் ‘பிளே’ என்று பெயர் மாறி, 2024-இல் அதுவும் நின்றது. 1991 முதல் வந்த அமெரிக்காவின் கேம் இன்ஃபார்மரை அதன் உரிமையாளரான கேம்ஸ்டாப் 2024 ஆகஸ்டில் திடீரென மூடியது. பல ஆண்டுகள் சேர்ந்த கட்டுரைகளோடு இணையதளமும் அன்றே போய்விட்டது. 2025 மார்ச்சில் வேறு உரிமையாளரின் கீழ் இதழ் திரும்பி வந்தது நல்ல விஷயம்தான். அதற்காக அடுத்த இதழும் இப்படித் திரும்பி வரும் என்று நம்பி மூன்றாண்டுச் சந்தா கட்ட முடியாது.

டிஜிட்டல் சந்தா இரண்டு வகை. ஒரு இதழுக்கு மட்டும் கட்டுவது ஒன்று. மேக்ஸ்டர் கோல்டு போல ஒரே தொகையில் நிறைய இதழ்களைத் திறந்துவிடுவது மற்றொன்று. இரண்டாவதில் சந்தா நின்றதும் இறக்கி வைத்த இதழ்களும் பூட்டிக்கொள்ளும். அது வாடகைதான், சொந்தமாகாது. ஒரு இதழை நிரந்தரமாக வைத்துக்கொள்ள நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் பிடிஎஃப் கோப்பாக எடுக்கலாமா என்று விற்பனைப் பக்கத்தில் பாருங்கள். செயலிக்குள் மட்டுமே படிக்கலாம் என்றால் அதுவும் வாடகையே.

இரண்டு பக்கத்துக்கு விரிந்த படங்களை 6 அங்குல போனில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. எழுத்தை மட்டும் காட்டும் வசதியை எடுத்தால் பட விளக்கங்களும் மதிப்பெண் பெட்டியும் பல நேரம் விடுபட்டுப் போகும். 10 அங்குல டேப்லெட் இருந்தால்தான் டிஜிட்டல் சந்தாவில் பொருள் உண்டு.

பணம் கட்டுவதில் பலர் முட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருக்கும், அதை முதலில் திறக்க வேண்டும். ரூபே கார்டைப் பல வெளிநாட்டுத் தளங்கள் ஏற்பதில்லை. அன்னியச் செலாவணிக் கட்டணத்தையும் அதன் மீதான 18% ஜிஎஸ்டியையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பணம் பிடிக்க முன்பே ஒப்புதல் பதிவு வேண்டும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். இந்த முறைக்குள் வராத வெளிநாட்டுத் தளங்களில் முதல் தவணை போகும், புதுப்பித்தல் தோற்றுவிடும். சந்தா முடியும் தேதியை நாமே காலண்டரில் குறித்துவைப்பது நல்லது.

இதழோடு தரும், கேமில் எதையாவது திறந்துவிடும் இலவசக் குறியீடுகளை நம்பி வாங்காதீர்கள். பிரிட்டிஷ் இதழின் பிளேஸ்டேஷன் குறியீடு பொதுவாக இந்தியக் கணக்கில் ஏறாது. கணக்கைத் தொடங்கும்போது தேர்ந்தெடுத்த நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. துபாயிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் டிஸ்க்குகளுக்கும் இதே சிக்கல் உண்டு. கேம் ஓடும், ஆனால் இந்தியக் கடையில் வாங்கிய கூடுதல் பகுதி அதில் சேராமல் போகலாம். சபரிலிருந்து (வெளிநாட்டுப் பயணத்திலிருந்து) வருகிறவர்களிடம் தனி இதழ் ஒன்றிரண்டை வாங்கிவரச் சொல்வது முழுச் சந்தாவை விட மேல். தபால் செலவு மிச்சம், மடங்காமல் கைக்கு வரும்.

தபாலில் வாங்குவதென்றால் முகவரியில் கவனம் வேண்டும். வடக்குத் தெரு, நடுத்தெரு என்பவை ஊருக்கு ஊர் இருக்கின்றன. வெளிநாட்டுப் படிவங்களில் ஒரு வரிக்கு எழுத்து வரம்பு உண்டு என்பதால் நீண்ட முகவரியின் வால் வெட்டுப்படும். வீட்டு எண், தெரு, ஊர், பின்கோடு ஆகியவற்றை முதல் வரிகளிலேயே முடித்துவிடுங்கள். கீழக்கரை 623517, இராமேஸ்வரம் 623526 என்று பின்கோடு சரியாக இருந்தால் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துப் பிழையைத் தபால்காரர் பொறுத்துக்கொள்வார். சாதாரணச் சந்தாப் பிரதிக்குப் பெரும்பாலும் கண்காணிப்பு எண் கிடையாது. வராத இதழைக் கேட்கக் காலக்கெடு இருக்கும், அடுத்த இதழ் வந்தும் முந்தையது வரவில்லையென்றால் உடனே எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குப் பதில் காகித உறை அனுப்பும் பதிப்பகங்கள் பெருகிவிட்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலில் கிடந்தால் இதழ் நனைந்துவிடும். தபால் பெட்டி இல்லாத வீடுகள் மூடியுள்ள பெட்டி ஒன்றை மாட்டியே ஆக வேண்டும்.

நனைந்த இதழைக் காத்தாடிக்கு அடியில் விரித்துவைக்காதீர்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு ஈரத்தில் பசையாகும், ஒட்டியபடியே காய்ந்தால் பக்கங்கள் பிரியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பிரிக்கலாம்.

மழைக்காலத்தில் மட்டுமல்ல, கச்சான் காத்து (மேல்காற்று) அடிக்கும் மாதங்களிலும் உப்பு தன் வேலையைச் செய்யும். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த இதழ்களில் முதலில் போவது அந்தப் பின்தான். துரு காகிதத்தில் ஏறி, நடுப்பக்கம் கழன்றுவிடும். நீண்ட நாள் வைக்க வேண்டிய இதழின் பின்னை மொட்டைக் கத்தியால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். முதுகில் பசை ஒட்டிய இதழ்களுக்கு இந்தப் பின் தொல்லை இல்லை. ஆனால் மேசையில் அழுத்தி விரித்தால் பசை பிளக்கும்.

அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், உப்புப் பூக்கும் சுவரிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பெட்டியில் இதழ்களை நிற்கவைத்து, சிலிகா ஜெல் பொட்டலங்களும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போடுங்கள். 40 முதல் 55% வரை இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். நாப்தலின் உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு உதவாது. சிலிகா ஜெல்லில் நீல நிறம் வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு உண்டு. ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறினால் ஈரம் குடித்து முடித்தது என்று பொருள். மணிகளைப் பையிலிருந்து கொட்டி, சமையலுக்குப் பயன்படாத தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு திரும்பும். ஆறியதும் பையில் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். திறந்து வைத்தால் இந்தக் காத்தில் மணிகள் சீக்கிரமே மறுபடி பச்சையாகிவிடும்.