நோம்பி மேடைக்கு எந்த பேஸ்? பிரிசிஷன், ஜாஸ், ஆக்டிவ் ஐந்து கம்பி

பங்குனி பிறந்தால் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் நோம்பி, அதாவது அம்மன் திருவிழா, சாட்டிவிடுவார்கள். கம்பம் நட்ட ஊர்களில் ஓர் இரவாவது ஆர்கெஸ்ட்ரா இருக்கும். அந்த மேடைக்கும், கல்யாண மண்டபத்து ஏசி ஹாலுக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் ஒரே பேஸ் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் இங்கே அதிகம். வாங்கும்முன் அவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: மேடைக்கு வரும் கரண்ட், கூட்டத்துக்குக் கட்டியிருக்கும் ஸ்பீக்கர். மரம், நிறம், தலையில் எழுதிய பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன், 1957இல் இரண்டாகப் பிளந்த பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பெற்றது. 1960இல் அதே கம்பெனியின் ஜாஸ் பேஸ் வந்தது. கம்பி அதிரும் நீளமான ஸ்கேல் இரண்டிலும் 34 அங்குலம்தான். மூன்றாவது வகை, உள்ளேயே பிரீஆம்ப் (ஒலியைக் கூட்டும் சிறு சர்க்யூட்) வைத்து 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ். 1976இல் வந்த மியூசிக்மேன் ஸ்டிங்ரே அந்த வழியைப் பெரிதாகத் திறந்துவிட்டது. இன்று ஐந்து கம்பி பேஸ்களில் பெரும்பாலும் ஆக்டிவ்தான். அசல் ஃபெண்டர்தான் வேண்டும் என்று கடன் வாங்க வேண்டாம். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர் போன்றவற்றில் பிக்கப் அமைப்பு அதுவேதான். இங்கே சொல்பவை அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் இரைச்சல். சீரியல் லைட், டிம்மர், பின்னால் ஜெனரேட்டர், சரியாக இல்லாத எர்த் என்று நோம்பி மேடையில் எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். பிரிசிஷனின் பிக்கப்பில் ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு துண்டு, டி, ஜி கம்பிகளுக்கு ஒரு துண்டு. இரண்டின் கம்பிச் சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. வெளியிலிருந்து வரும் "ம்ம்ம்" இரண்டிலும் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வால்யூமை எங்கே வைத்தாலும் இது மாறாது. ஜாஸில் இரண்டு பிக்கப், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம். இந்த அழிப்பு இரண்டு வால்யூமும் ஒரே அளவில் திறந்திருக்கும்போது மட்டுமே முழுமையாக நடக்கும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் இரைச்சல் எட்டிப் பார்க்கும், ஒற்றைப் பிக்கப்பில் வாசித்தால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஜாஸின் அழகே அந்த இரண்டு வால்யூமையும் ஏற்றி இறக்குவதில்தான் இருக்கிறது!

பிக்கப் உட்காரும் குழியில் செப்பு டேப் ஒட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். டிம்மரின் "ஸ்ஸ்" குறையும். காந்தப்புலத்தால் வரும் "ம்ம்ம்" அப்படியே இருக்கும். ஒட்டுவதானால் டேப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வைத்து இணையுங்கள், அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு ஒயர் போக வேண்டும். ஜாக் இருக்கும் குழியில் தனிக் கவனம் தேவை. கேபிளைச் செருகும்போது ஜாக்கின் முனைத் தகடு விரிந்து செப்பில் பட்டால் சத்தம் அடியோடு நின்றுவிடும். அந்த இடத்தில் மட்டும் செப்பின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஸ்பீக்கர், ஆளுக்கு ஆள் கருத்து மாறுவதும் இதில்தான். பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்தாவது பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். தெரு நெடுகக் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது. அங்கே நிற்பவர் காதில் விழுவது கம்பியின் மேல் ஓசைகள் மட்டுமே. அவற்றிலிருந்து அடி ஓசையை அவருடைய காதே கட்டிக்கொள்கிறது. ஆகவே நடுத்தர ஓசை தடித்து வரும் பேஸ்தான் தூரத்தில் நிற்பவரையும் எட்டும். பிரிசிஷன் அதைச் செய்கிறது. ஜாஸில் இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடு ஓசை பள்ளம் விழுந்து, வீட்டில் தனியாகக் கேட்கையில் தேனாக இருக்கும். தவிலோசையும் ஆக்டோபேடும் கீபோர்டும் ஏறிய மேடையில் அது கரைந்துபோகும். பி கம்பியின் அடி ஓசை அங்கே வெறும் விரல் வேலைதான்.

மண்டபத்தில் கணக்கு மாறும். சப்வூஃபர் உண்டு, ஒறம்பரை (விருந்தாளிகள்) பத்தடியில் உட்கார்ந்திருக்கும், பாடகருக்கு ஏற்பப் பாட்டின் ஸ்கேல் டி-க்கோ ஈ ஃப்ளாட்டுக்கோ இறங்கும். நான்கு கம்பியில் ஈ-க்குக் கீழே இடமில்லை. ஒரு ஆக்டேவ் மேலே போய் வாசிக்க வேண்டும், அல்லது பாட்டுக்குப் பாட்டு ஈ கம்பியை இறக்க வேண்டும். கச்சேரி நடுவே இறக்கி ஏற்றினால் சுருதி நிற்காது. வாரம் இரண்டு மண்டபம் வாசிக்கிறவருக்கு ஐந்து கம்பி வீண் செலவு இல்லை. சர்ச்சிலும் ரெக்கார்டிங்கிலும் ஜாஸ்தான் என் தேர்வு. கரண்ட் சுத்தம், நுணுக்கம் கேட்கிறது, கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் நட் அருகே 38 மில்லிமீட்டர் அகலமே உள்ள கழுத்து நீண்ட ஓட்டங்களுக்குக் கையை வலிக்கவிடாது. "பிஜே" என்று பிரிசிஷன், ஜாஸ் பிக்கப் இரண்டையும் சேர்த்து விற்பதை நம்பி அவசரப்பட வேண்டாம். அதிலுள்ள ஜே சாதாரண ஒற்றைச் சுருளாக இருந்தால், அதைத் திறந்த நொடியே இரைச்சல் திரும்பிவிடும்.

ஆக்டிவில் தவறுவது பேட்டரி. கேபிளைச் செருகினாலே சர்க்யூட் ஓடத் தொடங்கும். வாசிக்காவிட்டாலும் செருகிய கேபிள் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். ஒத்திகை முடிந்து அப்படியே ஸ்டாண்டில் விட்டுப் போனால், கச்சேரியில் சத்தம் மெலிந்து, பலமாக அடிக்கும் இடத்தில் கரகரக்கும். ஆம்ப் கெட்டது என்று எல்லோரும் அதன் பின்னால் ஓடுவார்கள். இடைவேளையில் கேபிளை உருவுங்கள், புதுப் பேட்டரி ஒன்றைப் பையில் வையுங்கள். வாங்கும்போது ஆக்டிவ்-பாஸிவ் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்தாலும் அதைத் தட்டிக் கச்சேரியை முடித்துவிடலாம்.

கம்பிக்கு வருவோம். நான்கு கம்பி பேஸுக்கு 45 முதல் 105 வரையான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) நிக்கல் ரவுண்ட்வூண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றியது, எல்லா இடத்துக்கும் போதும். சித்திரை வெயிலில் வாசித்தால் வேர்வையும் தூசியும் சுற்றுக்குள் இறங்கிச் சில வாரங்களில் மினுக்கம் போய்விடும். முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் கிள்ளிப் பிடித்து, அடிப்பக்கமும் சேரத் துடைத்தால் ஆயுள் கூடும். நோம்பிக்கென்றே பிரிசிஷன் வைத்திருப்பவர் தட்டை நாடா சுற்றிய ஃப்ளாட்வூண்ட் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியான மோட்டவுனின் பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷனில் தடித்த ஃப்ளாட்வூண்ட்தான் போட்டிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார்.

புதுக் கம்பி மாட்டும்போது நடக்கும் பிழை ஒன்று உண்டு. கம்பியை, சுருதி முறுக்கும் பெக்கைத் தாண்டி நான்கைந்து அங்குலம் நீட்டி, வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவும். புதுக் கம்பி பழையதுபோல மந்தமாக ஒலிக்கும், சுருதியும் நிற்காது. முனையைப் பெக்கின் துளைக்குள் நிறுத்தி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று விடுங்கள்.

கழுத்து விஷயத்தில் மூன்று பேஸும் ஒன்றே. ஆடிக் காற்று, ஐப்பசி மழை, பங்குனி வெயில் என்று மரம் ஆண்டு முழுதும் அசையும். வெயில் காலத்தில் விரல்பலகை சுருங்கி, அதில் பதித்த ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டிகளின் முனைகள் உள்ளங்கையைக் கீறும். சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.30 மில்லிமீட்டர் இருந்தால் சரி. பைக் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜில் அந்தத் தகடு இருக்கும். கோவையில் அதற்கா பஞ்சம்? இடைவெளி கூடினால், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கடிகாரத் திசையில் திருப்புங்கள், குறைந்தால் எதிர்த்திசை. ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், மறுபடி சுருதி சேர்த்துவிட்டு அளக்க வேண்டும். வாய்க்குள் ஆடும் ஆலன் கீயை ஒருபோதும் போடாதீர்கள், ராடு நட்டின் மூலைகள் உருண்டுவிடும். கம்பி உயரம் 17ஆவது ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கலாம்.

மேடையில் கம்பியைத் தொட்டபடி மைக்கில் பாடும் பேஸிஸ்ட் உதட்டில் ஷாக் வாங்குவது எர்த் கோளாறால்தான். மைக் செட் வந்ததும் மைக்கின் உலோகத்தை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சரிசெய்யும்வரை வாசிக்க வேண்டாம். இரைச்சலை நிறுத்த, பேஸை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடலாம். பிளக்கின் எர்த் பின்னை உடைக்கவே கூடாது, உயிர் அதில்தான் இருக்கிறது.

பழைய பேஸ் வாங்கப் போகிறவருக்கு: கேபிளைச் செருகி ஜாக்கை ஆட்டுங்கள், குமிழ்களைத் திருப்புங்கள். கரகரப்பு என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும், ஜாக் நட் தளர்ந்திருந்தால் முறுக்கினால் போதும். இவற்றுக்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், வாங்குங்கள். ட்ரஸ் ராடு முழுக்க முறுக்கி முடிந்தும் கழுத்து வளைந்தே நிற்கிறது என்றால், பிரிசிஷனோ ஜாஸோ, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.