'டைம் அவுட்' இசைத்தட்டு: தனி வாசிக்காத பியானோ

திருச்சியில் பள்ளியில் படித்த காலத்தில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் முழுக்க வாத்தியார் என்னைத் தாளம் போட மட்டும்தான் விட்டார். மூத்த மாணவர்கள் வாசிப்பார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டி எண்ண வேண்டும். அவர்கள் கணக்கில் எங்கெங்கோ போய்ச் சுற்றி வருவார்கள். என் கை மட்டும் வேகம் கூடாமல் குறையாமல் போக வேண்டும். வாசிப்பைவிட அது கஷ்டம் என்று அப்போதே தெரியும். டேவ் புரூபெக் குவார்டெட் என்ற அமெரிக்க ஜாஸ் நால்வர் குழுவின் 'டைம் அவுட்' இசைத்தட்டு எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அந்த வருடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

தட்டைப் பற்றி முதலில். நியூயார்க்கில் 30ஆம் தெருவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. பழைய தேவாலயக் கட்டடம், உயரமான கூரை. 1959 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மூன்று நாட்கள் அங்கே பதிவு செய்து, அந்த டிசம்பரில் வெளியிட்டார்கள். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டும் அதே கூடத்தில், அதே வருடம் சில மாதங்களுக்கு முன்னால் பதிவானது. இரண்டுக்கும் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் பிளாட். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தக் கூடத்தின் காற்று உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தட்டு) ஒலி அடித்த இடத்திலேயே செத்துவிடாமல், கூரைவரை போய்த் திரும்புவது போல் ஒலிக்கும்.

நான்கு பேர். பியானோவில் புரூபெக், ஆல்டோ சாக்ஸஃபோனில் பால் டெஸ்மண்ட், பாஸ் என்ற தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியத்தில் யூஜின் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை இந்த நால்வரையும் போலந்து, துருக்கி, ஈரான் தொடங்கி இந்தியா, இலங்கை வரை சுற்றுப்பயணம் அனுப்பியது. மதராசிலும் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தட்டின் முதல் உருப்படியான 'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்' அந்தப் பயணத்தில் விளைந்ததுதான். இஸ்தான்புல் தெருவில் வாத்தியக்காரர்கள் ஒன்பது எண்ணிக்கையில் வாசித்ததைக் கேட்டு புரூபெக் எடுத்துக்கொண்டார். நம் சொற்கட்டில் (தக என்றால் இரண்டு, தகிட என்றால் மூன்று) சொன்னால்: தக தக தக தகிட. இதை மூன்று முறை சொல்லி, நான்காவது முறை தகிட தகிட தகிட. வாயால் சொல்லிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். நடுவில் சாதாரண நாலு எண்ணிக்கைக்கு இறங்கி டெஸ்மண்ட் நிதானமாக ப்ளூஸ் வாசிக்கும்போது, வெயிலில் நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

'டேக் ஃபைவ்' பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் இதை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். ஐந்து எண்ணிக்கை. நம் கண்ட சாபு தாளம் இரண்டும் மூன்றுமாக, தக தகிட என்று போகும். இது அப்படியே திரும்பி தகிட தக என்று போகிறது. இதை எழுதியவர் புரூபெக் இல்லை, டெஸ்மண்ட். மொரெல்லோ ஐந்தில் ஒரு தாளம் வாசித்துக்கொண்டிருந்தார், அதன்மேல் ஏதாவது எழுதிக் கொண்டு வா என்று புரூபெக் கேட்டார். டெஸ்மண்ட் இரண்டு துண்டு மெட்டுகளைக் கொண்டுவந்தார். அவற்றை எப்படி இணைப்பது என்று வழி சொன்னது புரூபெக். ஜூன் மாதப் பதிவில் பல முறை முயன்றும் அமையவில்லை. ஜூலை 1 அன்றுதான் கைகூடியது.

இப்போது ஊசியை வைத்துக் கேளுங்கள். முதலில் டிரம்ஸ், பிறகு பியானோ. பியானோ பிடிப்பது திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு சின்னச் சுழல். அதன்மேல் டெஸ்மண்டின் மெட்டு, அப்புறம் அவருடைய தனி. அவருடைய நாதத்தில் எடையே இருக்காது. மூச்சை அழுத்திக் காட்டும் ஆசை அவருக்கு எங்கேயும் கிடையாது. அவர் முடித்ததும் டிரம்ஸ் தனி. இந்த ஐந்தரை நிமிடத்தில் பியானோ தனி வாசிப்பதே இல்லை. குழுவின் பெயரே புரூபெக்கின் பெயர், தட்டின் அட்டையில் இருப்பது அவர் பெயர். அவரோ கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அதே சுழலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சுழல் நிற்காமல் ஓடுவதால்தான் மொரெல்லோவால் ஐந்தை விட்டு விலகிப் போக முடிகிறது. அடிக்காமல் விடுகிறார், ஒற்றை அடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார், எண்ணிக்கைக்குக் குறுக்கே இழுக்கிறார். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் கையில் தாளம் போட்டுக்கொண்டு மிருதங்கக்காரரையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே காட்சிதான். ஐந்து எண்ணிக்கை என்பதற்காக இந்தத் தட்டைப் புகழ்கிறவர்கள் பலர். ஐந்தும் ஒன்பதும் நமக்குப் புதிதா என்ன? ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் பறப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

மொரெல்லோவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை மிகவும் மங்கல். சிறுவயதில் வயலின் கற்றவர். அவருடைய டிரம்ஸில் ஒரு பாட்டுக்குரிய குழைவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்' புரூபெக் தனியாக, தாளக்கட்டு இல்லாமல், ஆலாபனை போலத் தொடங்கும். தட்டிலேயே மென்மையான இடம் அது. இரண்டாம் பக்கத்தில் 'த்ரீ டு கெட் ரெடி' குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும், மூன்றும் நாலும் மாறி மாறி வரும். 'கேத்திஸ் வால்ட்ஸ்' புரூபெக் தன் மகளுக்காக எழுதியது, அட்டையில் பெயரின் எழுத்து தவறிப்போய் அப்படியே நிலைத்துவிட்டது. 'எவ்ரிபடீஸ் ஜம்பின்' எனக்கு ஒட்டவில்லை. புரூபெக்கின் கை கனமானது என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் சொன்னதற்கு அதில் சாட்சி இருக்கிறது. 'பிக் அப் ஸ்டிக்ஸ்' ஆறு எண்ணிக்கை, அதில் தலைமை யூஜின் ரைட்டுக்கு. ஒரே பாஸ் வரியைச் சலிக்காமல் பிடித்துக்கொண்டு போவார், மற்றவர்கள் அதன்மேல் ஏறி இறங்குவார்கள்.

ரைட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. நால்வரில் அவர் மட்டும் கறுப்பினத்தவர். 1960இல் அமெரிக்கத் தெற்கு மாநிலக் கல்லூரிகளில் ஒரு பெரிய சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருந்தது. ரைட்டை விட்டுவிட்டு வெள்ளைக்கார பாஸிஸ்ட் ஒருவரோடு வரச் சொன்னார்கள். புரூபெக் மறுத்தார். பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின, பணமும் போனது. தட்டு வெளிவந்து சில மாதம்கூட ஆகாத நேரம் அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த பாஸ் வரியை என்னால் பின்னணி என்று ஒதுக்கிக் கேட்க முடியவில்லை.

நிறுவனத்தின் விற்பனைக்காரர்களுக்கு இந்தத் தட்டில் நம்பிக்கையே இல்லை. ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை, நடனமாட முடியாத எண்ணிக்கைகள், அட்டையில் எஸ். நீல் ஃபுஜிட்டாவின் நவீன ஓவியம். தலைவர் காடர்ட் லீபர்சன் ஆதரித்ததால் வெளிவந்தது. 1961இல் 'டேக் ஃபைவ்' மட்டும் தனிச் சிறு தட்டாக அமெரிக்க பாப் பாடல்களின் வரிசையில் 25ஆம் இடத்துக்கு ஏறியது. டெஸ்மண்ட் 1977இல் இறந்தபோது, தன் பாடல்களின் உரிமைத்தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். இன்றைக்கும் எங்கேயாவது 'டேக் ஃபைவ்' ஒலித்தால் அங்கே பணம் போகிறது.

வாங்குகிறவர்களுக்கு. நான் வைத்திருப்பது கனமான 180 கிராம் மறுபதிப்பு, ஸ்டீரியோ, நான் வாங்கியபோது மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். முதலில் தபாலில் வந்த பிரதி நெளிந்திருந்தது, மாற்றி வாங்க ஒரு மாதம் ஆனது. பிரித்ததும் சமதளத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். தட்டு ஓட்டும் வசதி இல்லையென்றால் கைப்பேசியிலேயே கேட்கலாம், நல்ல ஹெட்ஃபோன் மட்டும் வேண்டும். பதிவின்போது கழித்துவைத்த வடிவங்கள் 2020இல் 'டைம் அவுட்டேக்ஸ்' என்று தனித் தட்டாக வந்தன. அதில் 'டேக் ஃபைவ்' இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையில் கிடைக்கிறது. ஆனால் மூலத்தை நாலைந்து வாரம் கேட்டு ஊறிய பிறகு அதற்குப் போவது நல்லது.

இன்னொன்று. 'டேக் ஃபைவ்' முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒலி கரகரக்கும், முதலில் அடிபடுவது சிம்பல்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஊசியை மாற்றி, அதன் அழுத்தத்தைச் சரிபார்த்து மறுபடி போட்டேன். மொரெல்லோ ஓர் அடி வைத்துவிட்டுக் காத்திருக்கும் இடங்கள் இப்போது சுத்தமாகக் கேட்கின்றன. அடுத்த அடி வரும்வரை அங்கே பியானோவின் சுழல் போய்க்கொண்டே இருக்கிறது.