தீயின் தடம் பதிந்த மண்: ரே மீக்கரின் ஸ்டோன்வேர் சிற்பங்கள்

புதுச்சேரியில் 1971-ஆம் ஆண்டு டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறை, அன்றாடப் புழக்கத்துக்கான கிண்ணங்களுக்கும் தட்டுகளுக்கும் பெயர்பெற்றது என்றாலும், கட்டடக் கலையும் பயின்றவரான மீக்கரின் பெரிய ஸ்டோன்வேர் (உயர் வெப்பத்தில் கல்போல் இறுகச் சுட்ட களிமண்) சிற்பங்களே என்னை மிகவும் ஈர்க்கின்றன.

விறகுச் சூளையில் ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுடும்போது, தீயோடு பறக்கும் சாம்பல் மண்ணின்மேல் படிந்து உருகிக் கண்ணாடிப் பூச்சாக மாறுகிறது. தீ நேராகத் தாக்கிய பக்கம் பளபளத்து வழிந்திருக்க, மறுபக்கம் சொரசொரப்பாக, காய்ந்த செம்மண் நிறத்தில் நிற்கும். இந்த வேறுபாட்டை எந்தச் சாயத்தாலும் உண்டாக்கிவிட முடியாது.

வெள்ளைச் சுவரும் கண்ணாடியுமாக, எங்கும் ஒரே வழவழப்பாக அமைந்துவிட்ட இன்றைய வரவேற்பறைக்கு இந்தச் சொரசொரப்பு மிகவும் தேவை என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்து இத்தகைய சிற்பத்தை வாங்கக் கூடாது. ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சம் விழும் இடத்தில், சுற்றிலும் நடந்துவரும்படி தாழ்ந்த மேடையில் வைத்தால்தான் அதன் உருவம் முழுமையாகப் புலப்படும். எடை மிகுதி என்பதால் மாடி வீட்டுக்காரர்கள் தளத்தின் வலுவை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நல்லது.

கடலோர வீடுகளில் இரும்பை அரிக்கும் உப்புக்காற்று, நன்கு சுட்ட ஸ்டோன்வேரை ஒன்றும் செய்வதில்லை. முற்றத்திலும் தாராளமாக வைக்கலாம். இடம் குறைந்தவர்கள் பெரிய சிற்பத்தை நெருக்கி வைப்பதைவிட, இதே பட்டறை மரபில் வந்த ஒரு சிறு ஜாடியை வாங்குவதே மேல்.